ஐஸ் மேல மீன் புடிக்க ஆக்கர் சாமானே போதும் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழம மலர்ல உறைஞ்ச ஏரி மேல ஆளுங்க ஸ்டூல் போட்டு ஒக்காந்து மீன் புடிக்கிற படம் போட்டிருந்தீங்க. படம் ஜோர், ஆனா கீழ எழுதுனதுல ரெண்டு விஷயம் எனக்கு செரியா படல. ஏரி அடி வரைக்கும் உறைஞ்சுரும், மீனெல்லாம் ஐஸுக்குள்ள மாட்டிக்கிட்டு கெடக்கும்னு ஒண்ணு. இது காசுள்ளவன் வெளையாட்டு, கருவி வாங்கவே லட்சக்கணக்குல வேணும்னு இன்னொண்ணு. நான் கொல்லங்கோடு பக்கம் சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் ஐஸ் பிளாண்ட்ல ஃபிட்டர். எங்க அக்கா மவன் கனடாவுல மானிடோபா மாகாணத்துல வெல்டரா இருக்கான், அவன் ஐஸ்ல மீன் புடிக்க வெச்சிருக்கிற சாமான்ல பாதிக்கு மேல அங்க ஆக்கர்கடையில, அதாவது பழைய இரும்புக்கடையில பொறுக்குனது, மீதி நானும் அவனும் வாட்ஸாப்ல மண்டைய ஒடச்சு யோசிச்சு செஞ்சது. அதனால தான் எழுதுறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா ஐஸ் எவ்வளவு தடிமன் வேணும்னு எழுதியிருக்கிற எடத்த மட்டும் தயவு செஞ்சு வெட்டிராதீங்க.

முதல்ல மீன் விஷயத்த முடிச்சிர்றேன். தண்ணி 4 டிகிரி செல்சியஸ்ல தான் ரொம்ப கனமா இருக்கும், அதுக்கு கீழ குளிர குளிர லேசாகி மேல ஏறிரும், ஐஸ் அதவிட லேசு, மெதக்கும். அதனால ஏரி மேல இருந்து தான் உறையும், அடியில 4 டிகிரி தண்ணி அப்படியே கெடக்கும், மீனும் கொஞ்சம் மந்தமா இருந்தாலும் அங்க சுத்திக்கிட்டு இரை எடுத்துக்கிட்டு தான் இருக்கும். ஆழமில்லாத குட்டையில மேல பனி தடிமனா மூடி வெளிச்சம் உள்ள போகாம ஆயிட்டா செடிங்க ஆக்சிஜன் விடாது, அங்க மீன் மூச்சு முட்டி சாவும், ஆனா அது எல்லா ஏரிக்கும் கெடையாது.

இனி சாமானுக்கு வாறேன். மானிடோபா கோதும வெளையிற பூமி, ஒவ்வொரு பண்ணையிலயும் பழைய டிராக்டர், டிரெய்லர், தானியம் ஏத்துற ஸ்க்ரூ கன்வேயர்னு துருப்புடிச்சு கெடக்குமாம். பய அங்க போன புதுசுல கடைக்கு போயி ஐஸ்ல ஓட்ட போடுற கருவி, தூண்டில், கொட்டகைன்னு வெல கேட்டுட்டு வந்து "மாமா, இதெல்லாம் வாங்குனா மாச சம்பளம் காலி"ன்னான். நான் சொன்னேன், "மக்கா நீ வெல்டர் தானடா, ஒங்க மொதலாளி யார்டுல கெடக்கிறத மொதல்ல ஒரு வீடியோ எடுத்து அனுப்பு." அனுப்புனான். பாத்தா லாரி ஸ்பிரிங் பட்டை குவிஞ்சு கெடக்கு.

நம்ம ஊர் கொல்லன் அருவா அடிக்கிறது அந்த பட்டையில தான். அதவிட நல்ல இரும்பு ஐஸ் உளிக்கு கெடைக்காது. ரெண்டு அங்குல அகலத்துல ஒரு முழம் வெட்டி, முனைய ஒரு பக்கம் மட்டும் சரிவா தேய்ச்சு (ரெண்டு பக்கமும் தேய்ச்சா ஐஸுல ஆப்பு மாதிரி எறுகி நின்னுரும்), கனமான இரும்பு பைப்போட வெல்டிங்ல பத்த வெச்சா நெஞ்சுயரத்துக்கு ஒரு கடப்பாரை வந்துரும். ஆனா பட்டைய சும்மா சாதா ராடு போட்டு பத்த வெச்சா பொடின்னு விட்டுரும், அதுல கார்பன் ஜாஸ்தி. முன்னாடியே சூடேத்தி, நல்லா காஞ்ச 7018ங்கற வெல்டிங் ராடு போட்டு, முடிஞ்சதும் காத்து படாம மணலுக்குள்ள பொதைச்சு மெதுவா ஆற விடணும், வெட்டு முனையில இருந்து வெல்டு தள்ளி இருக்கணும், இல்லன்னா பதம் போயிரும். இத வெல்டிங் படிச்ச பயலுக்கு நான் சொல்லி குடுக்க வேண்டி இருந்துச்சு, அது வேற சங்கடம். இன்னொண்ணு, பைப்போட தலையில ஒரு ஓட்ட போட்டு கயிறு கட்டி மணிக்கட்டுல மாட்டிக்கணும். ஐஸ் ஒடையிற கடைசி குத்துல கை வழுக்குனா கடப்பாரை நேரா ஏரி அடிக்கு போயிரும், அப்பறம் தேடுறதுக்கு ஆளு கெடையாது.

கையால சுத்துற ஆகர்னு ஒண்ணு இருக்கு, திருகாணி மாதிரி, சுத்துனா ஐஸ அரிஞ்சு மேல தள்ளும். அதோட திருகு தகட்ட பழைய தானிய கன்வேயர்ல இருந்து ஆறு அங்குல அளவுல அறுத்து எடுத்தான். கெடைக்கலன்னாலும் கவலயில்ல, வட்டமா தகடு வெட்டி நடுவுல ஓட்ட போட்டு ஒரு கீறல் கீறி இழுத்தா திருகு வந்துரும், எந்த லேத் பட்டறைக்காரனும் செய்வான். ஆனா பிளேடு மட்டும் நான் செய்ய விடல, கடையில புதுசா வாங்க சொன்னேன். மண்ணு தோண்டுற ஆகர் பிளேடு ஐஸுல சுத்திக்கிட்டே கெடக்கும், எறங்காது, ஐஸுக்கு சவரக்கத்தி கூர்மையும் சரியான சாய்வும் வேணும், சாய்வு கொஞ்சம் மாறுனாலும் ஒண்ணு வழுக்கும் இல்லன்னா புடிச்சுக்கிட்டு கைய முறுக்கிரும். மேல பழைய கார்ட்லெஸ் டிரில்ல மாட்டிட்டான். டிரில் கழண்டா ஆகர் ஓட்டைக்குள்ள போயிராம இருக்க ஓட்டைய விட பெரிய வட்டத் தகடு ஒண்ணு தண்டுல மாட்டணும்.

ஓட்ட போட்ட ஒடனே அதுல ஐஸ் தூளு கஞ்சி மாதிரி மெதக்கும், அத அரிச்சு எடுக்கணும். அதுக்கு அங்க தனியா கரண்டி விக்கிறாங்களாம்! எங்க அக்கா இங்கருந்து பார்சல்ல அனுப்புன பூரி சுடுற ஜல்லிக்கரண்டி இருக்கே, அதுக்கு ஒரு நீள கட்டை காம்பு வெச்சு சைக்கிள் டியூப்ப சுத்திட்டான், தீந்துச்சு. டியூப் எதுக்குன்னா மைனஸ் 20ல ஈரக்கையோட வெறும் இரும்ப தொட்டா தோலு ஒட்டிக்கும்.

தூண்டில் கம்பு அங்க குட்டையா இருக்கணும், ஓட்டைக்கு பக்கத்துலயே ஒக்காந்து புடிக்கிறதால ரெண்டு ரெண்டரை அடி போதும். ஒடைஞ்ச நீள தூண்டிலோட நுனிப்பாகம் தான் அதுக்கு ஏத்தது, அத ஒடைஞ்சதுன்னு தூக்கி போட்டவன்ட்ட இருந்து சும்மாவே வாங்கிக்கலாம். தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) போற வளையத்துக்கு ஊக்கு பின்னோட சுருள், நூல் சுத்தி பசை போட்டு ஒட்டியாச்சு. வளையம் கொஞ்சம் பெருசா இருக்கணும், சின்னதா இருந்தா ஈரத்தோட ஏறுற தங்கூஸ்ல ஐஸ் கட்டி அடைச்சுரும். இரைக்கு எவர்சில்வர் ஸ்பூன். காம்ப அறுத்துட்டு குழியான பாகத்துல ரெண்டு முனையிலயும் ஓட்ட போட்டு, சாவிக்கொத்து வளையம் மாட்டி, ஒரு பக்கம் தங்கூஸ், மறுபக்கம் தூண்டில் முள்ளு. தண்ணிக்குள்ள தூக்கி தூக்கி விட்டா அடிபட்ட சின்ன மீன் மாதிரி மின்னி மின்னி எறங்கும். எங்க கடற்கரையில தூண்டில்காரங்க ஜிகினா நூலு கட்டி மீன ஏமாத்துறதும் இதே வித்தை தான்.

எனக்கு ரொம்ப புடிச்சது டிப்-அப்னு ஒரு சாமான். ஆளு பக்கத்துல இல்லாமயே மீன் கடிச்சத சொல்ற யந்திரம். ரெண்டு மரச்சட்டத்த சிலுவ மாதிரி வெச்சு ஓட்ட மேல குறுக்க படுக்க வெக்கணும், நடுவுல இருந்து ஒரு குத்துச்சட்டம் தண்ணிக்குள்ள எறங்கும், அதோட அடியில தங்கூஸ் சுத்துன உருளை. உருளை தண்ணிக்குள்ள இருக்கிறதால உறையாது, அதுல தான் சூட்சுமமே இருக்கு. உருளையில இருந்து ஒரு கம்பி ஒரு குழாய்க்குள்ள மேல வந்து உச்சியில இங்கிலீஷ் டி (T) எழுத்து மாதிரி மடங்கி நிக்கும். ஒடைஞ்ச அளவு டேப் இருக்குல்லா, இன்ச் டேப் இல்ல, ஆசாரி வெச்சிருக்கிற இரும்பு டேப், அதுல ஒரு துண்டு வெட்டி நுனியில செவப்பு துணி கட்டி, வளைச்சு அந்த டிக்கு அடியில சொருகி விட்டுறணும். மீன் இழுத்தா உருளை சுத்தும், டி திரும்பும், டேப்பு விடுபட்டு சடார்னு எந்திரிச்சு நிக்கும், தூரத்துல இருந்தே செவப்பு கொடி தெரியும், ஓடி போயி கையால இழுக்க வேண்டியது தான். முதல்ல குழாய்க்குள்ள சாதா கிரீஸ் தடவி பாத்தான், அந்த குளிர்ல அது மெழுகா எறுகி கம்பி சுத்தவே இல்ல, அப்பறம் குளிருக்குன்னு உள்ள லேசான கிரீஸ் மாத்துனான். நான் இங்க பட்டறையிலயே ஒண்ணு செஞ்சு, ஐஸ் பிளாண்ட்ல பழைய சிநேகிதன் ஒருத்தன்ட்ட சொல்லி குளிர் அறையில ராத்திரி பூரா வெச்சு பாத்தேன், காலையில தட்டி விட்டதும் கொடி எந்திரிச்சுச்சு. அங்க நின்ன பசங்க எதுக்குண்ணே இதுன்னு கேட்டாங்க, கனடாவுக்குன்னேன், சிரிச்சானுவ.

குளிர் காத்து படாம ஒக்காந்து புடிக்க ஐஸ் மேல போடுற கொட்டகை விஷயத்துல ஒண்ணு சொல்லணும். நம்ம ஆளுங்க எதுக்கெடுத்தாலும் பிவிசி பைப்னு நிப்பாங்க, அங்க அது ஆகாது, கடுங்குளிர்ல மடக்குன்னு ஒடியும். பழைய அலுமினிய குழாயோ மரமோ தான் செரி. நீல டிரம்மு வேற பிளாஸ்டிக், குளிர தாங்கும், அத நீளவாக்குல அறுத்து சாமான் இழுக்கிற சறுக்கு வண்டியா வெச்சிருக்கான், பனி மேல வழுக்கிக்கிட்டு போவுது. பெயிண்டு பக்கெட்டு தான் நாற்காலி, அதுவே மீன் கூடை. மீன் எங்க நிக்குதுன்னு பாக்குற சோனார் மட்டும் பழசா வாங்குனான், அதுக்கு கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல கழட்டுன 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. குளிர்ல பேட்டரியோட சக்தி பாதிக்கு பக்கத்துல கொறஞ்சிரும், அதனால தெர்மாகோல் பெட்டிக்குள்ள வெச்சு கொண்டு போறான்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு புடிக்கிறவன் சமாச்சாரம். பொழப்புக்கு புடிக்கிறவனும் அங்க இருக்கான், அத உங்க கட்டுரை தொடவே இல்ல. வின்னிபெக் ஏரி கடல் மாதிரி பெருசு, அதோட கரையில கிம்லின்னு ஒரு ஊரு, 1875ல ஐஸ்லாந்துல இருந்து வந்தவங்க குடியேறுன எடம். அந்த ஏரியில குளிர்காலத்துல லைசென்ஸ் வாங்குன மீனவங்க ஐஸுக்கு அடியில வலை விரிக்கிறாங்க. இத இங்க தூத்தூர், வள்ளவிளை பக்கம் கடல்ல மீன் புடிக்கிற அண்ணன்மார்ட்ட சொன்னப்ப ஒருத்தரும் நம்பல, ஒரு ஓட்டையில எறக்குன வலைய நூறடி தள்ளி இன்னொரு ஓட்டைக்கு எப்பிடி கொண்டு போவான், உள்ள ஆளு முங்குவானான்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதுக்கு தான் ஜிக்கர் பலகை. ஆள் உசரத்துக்கு மேல நீளமான பலகை, நடுவுல நீளமா ஒரு வெட்டு, அதுல அச்சுல ஆடுற ஒரு இரும்பு கை, கையோட ஒரு முனையில கயிறு. பலகைய ஓட்டைக்குள்ள சொருகுனா மெதந்து போயி ஐஸோட அடிவயித்துல ஒட்டிக்கும். கயிற இழுத்தா இரும்பு கை எந்திரிச்சு ஐஸ குத்தி ஒரு உந்து உந்தும், பலகை முன்னாடி நகரும், விட்டா கை படுத்துக்கும், மறுபடி இழு, மறுபடி நகரு. இப்பிடியே தவழ்ந்து தவழ்ந்து கயிற இழுத்துக்கிட்டு போவும். மேல ஒரு ஆளு டக் டக்குன்னு கேக்குற சத்தத்தையும் ஐஸ் வழியா தெரியிற பலகையோட கலரையும் வெச்சு பின்னாடியே நடந்து, வேண்டிய தூரம் வந்ததும் அங்க ஓட்ட போட்டு பலகைய தூக்கிருவான். இப்ப ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல கயிறு இருக்கு, வலைய கட்டி இழுத்தா முடிஞ்சது. ஒரு மோட்டாரு இல்ல, கரண்டு இல்ல. ஒரு பலகையும் நாலு இரும்புத்துண்டும். இத பாத்துட்டு காசுள்ளவன் வெளையாட்டுன்னு எப்பிடி சார் எழுத முடியும்?

இப்ப வெட்டிராதீங்கன்னு சொன்ன விஷயம். நம்ம மாவட்டத்துல இருந்தும் அந்தப் பக்கம் கேரளாவுல பாறசாலை, நெய்யாற்றின்கரையில இருந்தும் பிள்ளைங்க படிக்கவும் வேலைக்கும் கனடாவுக்கு போய்க்கிட்டே இருக்கு. உங்க படத்த பாத்துட்டு நாளைக்கு ஒருத்தன் ஏரி மேல எறங்கிருவான், அவனுக்கு கடல் தெரியும், ஐஸ் தெரியாது. ஐஸ் பிளாண்ட்ல நின்னவனுக்கு ஒண்ணு தெரியும், கண்ணாடி மாதிரி இருக்கிற ஐஸ் பாரு (ஐஸ் கட்டி) வேற, நடுவுல வெள்ளையா இருக்கிற பாரு வேற. வெள்ளை எல்லாம் காத்துக்குமிழும் தண்ணியில கரைஞ்சிருந்த உப்பும் ஒதுங்குன எடம், ஊசிக்கம்பி வெச்சு தட்டுனா முதல்ல பொளக்கிறது அது தான். ஏரியிலயும் அப்பிடி தான், பனி நனைஞ்சு உறைஞ்ச வெள்ளை ஐஸுக்கு பலம் பாதி. மானிடோபாவுக்கு கீழ எல்லையில இருக்கிற அமெரிக்காவோட மினசோட்டா மாநிலத்து இயற்கை வளத் துறை சொல்ற கணக்கு என்னன்னா, தெளிஞ்ச புது ஐஸ்னா ஆளு நடக்க 4 அங்குலம், பனி மேல ஓடுற ஸ்கூட்டருக்கு (ஸ்னோமொபைல்) 5ல இருந்து 7, சின்ன காருக்கு 9ல இருந்து 10, வெள்ளை ஐஸா இருந்தா எல்லாத்தையும் ரெண்டால பெருக்கிக்கணும். 4 அங்குலத்துக்கு கொறைவா இருந்தா எறங்கவே கூடாது.

அதுவும் ஒரு எடத்துல அளந்தா போதாது. முதல் அங்குலம் சீக்கிரம் கட்டும், அப்பறம் கட்டுன ஐஸே போர்வையாகி கீழ தண்ணிய காப்பாத்தும், கனம் மெதுவா தான் ஏறும், இது பிளாண்ட்ல கேன்ல தண்ணி ஊத்தி காத்திருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. மேல பனி விழுந்து மூடிட்டா இன்னும் மெதுவு. ஓடைத்தண்ணி வந்து சேர்ற எடம், நீரோட்டம் உள்ள எடம், நாணல் நிக்கிற எடம் எல்லாம் எப்பவும் மெலிசு. அதுக்கு தான் நான் அந்த உளிக்கடப்பாரையில அவ்வளவு அக்கறை எடுத்தது. நடக்கும்போது முன்னாடி ஓங்கி குத்திக்கிட்டே போகணும், ஒரே குத்துல தண்ணி வந்துச்சுன்னா வந்த வழியே திரும்பிரணும்.

விழுந்துட்டா நீச்சல் தெரியும்ங்கற தைரியம் அங்க செல்லாது. மானிடோபா பல்கலைக்கழகத்துல கோர்டன் கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர், தானே ஐஸ் தண்ணியில எறங்கி ஆராய்ச்சி பண்ணுனவரு, அவரு சொல்ற கணக்கு 1, 10, 1. முதல் 1 நிமிஷம் மூச்சு தாறுமாறா வாங்கும், அத அடக்கணும். அடுத்த 10 நிமிஷம் தான் கைகால் சொன்ன பேச்ச கேக்கும். நெனவு தப்ப சுமாரா 1 மணி நேரம் ஆகும். ஆக ஏறி வர உள்ள நேரம் அந்த 10 நிமிஷம். வழுக்குற ஐஸ்ல வெறுங்கையால ஏற முடியாது, அதுக்கு ஒரு சாமான், அதுவும் ஆக்கர்ல செய்யிறது தான். வாரியல் (விளக்குமாறு) கம்ப ரெண்டு துண்டு, கைக்கு அடங்குற அளவு, ஒவ்வொண்ணுலயும் தலைய வெட்டுன ஒரு தடி ஆணிய அடிச்சு வெளிய நீட்டுன முனைய கூராக்கி, ரெண்டையும் ஒரு கயித்துல கட்டி கோட்டு கை வழியா விட்டு கழுத்துல போட்டுக்கணும். விழுந்தா வந்த பக்கமே திரும்பி (அந்தப் பக்க ஐஸ் தான் உன்னைய தாங்கிச்சு), ஆணிய குத்தி, கால அடிச்சு வயித்தோட மேல ஏறி உருண்டே வரணும், எந்திரிச்சு நிக்க கூடாது. பயலுக்கு இத செய்யாம ஏரிக்கு போனா உங்கம்மாட்ட சொல்லிருவேன்னு சொன்னேன், அது வேல செஞ்சுச்சு.

லைஃப் ஜாக்கெட் மட்டும் ஆக்கர்ல எடுக்காதீங்க, புதுசு வாங்குங்க. உள்ள ஃபோம் நைஞ்சு போனது வெளிய தெரியாது. அதே மாதிரி மூடுன கொட்டகைக்குள்ள கரி அடுப்போ ஸ்டவ்வோ கொளுத்தி வெச்சுட்டு தூங்க கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கெடையாது, காத்து போக வர மேலயும் கீழயும் வழி இருக்கணும். லைசென்ஸ் வேணும், எத்தன தூண்டில் போடலாம்னு கணக்கு உண்டு, ஐஸ் உருகுறதுக்கு முன்னாடி கொட்டகைய ஏரியில இருந்து எடுத்துரணும், இதெல்லாம் அந்தந்த மாகாணத்து சட்டத்துல போட்டிருக்கும், பாத்துட்டு போக சொல்லுங்க.

அந்த அங்குல கணக்க அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு சின்ன கட்டத்துல போட்டீங்கன்னா பிள்ளைய அனுப்பி வெச்சிருக்கிற வீட்டுக்காரங்க வெட்டி வாட்ஸாப்ல அனுப்பிருவாங்க. எடம் மிச்சம் இருந்தா ஜிக்கர் பலகையோட படமும் ஒண்ணு போடுங்க சார், வள்ளவிளை அண்ணன் ஒருத்தரு நான் சாயாக்கடை பேப்பர்ல வரைஞ்சு காட்டுனத பாத்துட்டு இது நீயா கட்டுன கதைன்னு சொல்லிக்கிட்டு திரியிறாரு.

இப்படிக்கு,
பழைய ஐஸ் பிளாண்ட் ஃபிட்டர் ஒருத்தன்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்